கருமண் ஆக்கிய மக்கள்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

யாம் இருப்புப்பாதை நிலையத்தில் பார்சல் எழுத்தராய்ப் பணிபுரிகின்றோம். பள்ளியிறுதி வகுப்பிற்குமேல் கற்றோமில்லை. எனினும், நாடோறும் மூட்டைகளைப் பதிவு செய்யும் எமக்கு, எப்பொருளைக் கண்டாலும் "இதனை அனுப்பியவர் யார்?" என்று கேட்கும் பழக்கம் படிந்துவிட்டது. அப்படிக் கேட்கப்போய், ஓய்வு நேரங்களில் படித்தறிந்த செய்தியொன்றை உங்கள்முன் வைக்க விழைகின்றோம்.

தென்னமெரிக்காவில் அமேசான் பேராறு பாயும் பெருங்காட்டைப் பற்றி நம் குழந்தைகள் பாடத்தில் படிக்கின்றனர். அத்துணைப் பசுமை உள்ள இடத்தில் மண்ணும் வளமாகத்தான் இருக்கும் என்று எண்ணுவோம். உண்மை வேறு. ஓயாத மழை சத்தையெல்லாம் கரைத்துச் சென்றுவிட, எஞ்சுவது பெரும்பாலும் புளிப்புத்தன்மை மிகுந்த செம்மண்ணும் மஞ்சள் மண்ணுமே. காட்டை அழித்துப் பயிரிட்டால் சில ஆண்டுகளிலேயே விளைச்சல் குன்றிவிடும்.

ஆயினும், அந்நிலத்தினிடையே ஆற்றங்கரை மேடுகளில் கன்னங்கரிய மண்திட்டுகள் பல உள்ளன. போர்த்துக்கேய மொழியில் 'தெர்ரா பிரெத்தா' என்பர். கருமண் என்பது பொருள். சிலவிடங்களில் 2 மீட்டர் ஆழம் வரையிலும் கருமையே. தோண்டினால் கரி, சாம்பல், மீன்முள், எலும்பு, பானையோடு ஆகியவை கிடைக்கின்றன. அங்கு வாழ்ந்த தொல்குடி மக்கள் ஆக்கிய மண் அது. பெரும்பாலானவை ஏறத்தாழ 2500 ஆண்டுகளுக்கும் 500 ஆண்டுகளுக்கும் முன்பிருந்த காலத்தில் உருவானவை. எலும்பும் முள்ளும் மணிச்சத்தையும் சுண்ணாம்புச் சத்தையும் தந்தன. எளிதில் மக்காத கரி, சத்து மழையோடு போகாமல் பற்றிக்கொண்டது. ஆகவேதான் இன்றும் அங்குள்ள உழவர் அத்திட்டுகளை நாடிப் பயிரிடுகின்றனர்.

அம்மக்களின் அறிவு மண்ணோடு நிற்கவில்லை. மரவள்ளியில் நஞ்சுள்ள வகை உண்டு. அதனைத் துருவி, பின்னிய நீண்ட குழலிலிட்டுப் பிழிந்து, மாவை வறுத்து நல்லுணவாக்கினர். அன்னாசி, நிலக்கடலை, முந்திரி ஆகியனவும் தென்னமெரிக்க மக்கள் வளர்த்தெடுத்தவையே. அன்னாசி என்னும் சொல்லும், நாம் இங்குக் கடைத்தெருவில் கேட்டு வாங்கும் 'காஜு' என்னும் சொல்லும் அவர்தம் தூப்பி மொழிக்குடும்பத்தினின்று போர்த்துக்கேயர் வழியாக வந்தவை.

1541-42-இல் ஒரெயானா என்னும் ஸ்பானியத் தலைவன் அவ்வாற்றில் பயணம் செய்தான். உடன் சென்ற பாதிரியார் கார்வஹால், கரை நெடுகப் பேரூர்களைக் கண்டதாக எழுதினார். பிற்காலத்தார் அங்குக் காட்டையே கண்டனர். பாதிரியார் கூற்றை மிகை என்று ஒதுக்கினர். இடையில் நேர்ந்தது என்ன? வெளியார் கொணர்ந்த அம்மை நோய்களும் அடிமை வேட்டையும் அம்மக்களை மாய்த்தன. சான்று சொல்ல ஆளில்லாதபோது மண்ணே சான்றாயிற்று. டச்சு மண்ணியலார் சோம்புரோக் 1966-இல் வெளியிட்ட நூல் இம்மண்பால் அறிஞர் கவனத்தை ஈர்த்தது. ஷிங்கு ஆற்றுப் பகுதியில் வாழும் குய்க்குரோ மக்கள் சாம்பலும் கரியும் உணவுக் கழிவும் இட்டு இன்றும் கருமண் ஆக்குவதை 2023-இல் வெளிவந்த ஆய்வு எடுத்துக்காட்டியுள்ளது.

அன்பர்களே! நாமும் ஊர்விட்டு ஊர் வந்தவர். மாற்றல் ஆணை வந்தால் இக்குவார்ட்டர்ஸையும் விட்டுச் செல்பவர். எம் வீட்டுக் கொல்லையில் முருங்கை தழைத்து நிற்கின்றது. முன்பு குடியிருந்தவர் ஆண்டுக்கணக்கில் கொட்டிய சாம்பலும் காய்கறித் தோலுமே அதற்கு உரம் என்று பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னார்கள். அவர் யாரென்று யாம் கேட்டதேயில்லை. ஊரெல்லாம் அனுப்புநர் பெயரைக் கேட்கும் எமக்கு, அன்று நாணமாயிற்று.

இன்றைய விருந்தில் ஜவ்வரிசிப் பாயசம் உண்டென்று செயலாளர் கூறினார். நம் சேலத்து ஜவ்வரிசி மரவள்ளி மாவினால் ஆவது. மேலே மிதப்பது முந்திரி. அதனை அருந்துங்கால், பெயரெழுதாது அனுப்பிவைத்த அம்மக்களை ஒருகணம் நினைப்போம். போகுமுன் நம் கொல்லை மண்ணையும் சற்றே கறுக்கச் செய்வோம்.