மண்ணும் நீரும் காக்கும் ஜில்லாக்கள்

(சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



மழைநீருக்குப் பட்டாவும் தெரியாது, எல்லைக்கல்லும் தெரியாது. மேட்டு நிலத்துக்காரர் ஒருவர் சரிவை நோக்கி மேலிருந்து கீழாக உழுவாராயின், உழவுச் சால் ஒவ்வொன்றும் ஒரு சிறு வாய்க்காலாகி, அவருடைய மேல்மண்ணை வாரிக்கொண்டு போய்க் கீழ்நிலத்துக்காரரின் பயிர்மீது கொட்டிவிடும். கீழ்நிலத்துக்காரர் தம் வரப்பை எவ்வளவு உயர்த்தினாலும் பயன் சொற்பமே. இவ்விருவரையும் ஒரே சபையில் உட்கார வைத்துப் பேசச் செய்வது எங்ஙனம்? இதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஏற்பட்ட வழியே ‘மண் நீர்ப் பாதுகாப்பு ஜில்லா’ என்பது.

ஜில்லா என்றவுடன் கலெக்டரும் கச்சேரியும் நினைவுக்கு வரலாம். இது அவ்விதமானதன்று. குறிப்பிட்ட எல்லைக்குட்பட்ட நிலங்களின் மண்ணையும் நீரையும் காப்பதற்கென்று, அந்நிலங்களை அனுபவிக்கும் குடியானவர்களே சட்டப்படி அமைத்துக்கொள்ளும் சபையாகும்.

இதற்கு முன்மாதிரியாக நின்றது விஸ்கான்ஸின் ராஜ்யத்திலுள்ள கூன் ஓடைப் பிரதேசம். அங்கே செங்குத்தான சரிவுகளையும் சதுர வயல்களாக்கி உழுது வந்தனர். மலைச்சரிவுக் காடுகளில் மாடுகளை மேயவிட்டனர். மழைதோறும் வாரிகள் அகன்று ஆழ்ந்தன. பள்ளத்தாக்கு வயல்களை வண்டல் மூடிற்று. 1933-ம் வருஷத்தில் ஸர்க்கார் சுமார் 90,000 ஏக்கர் விஸ்தீரணமுள்ள அப்பிரதேசத்தை எடுத்துக்கொண்டு, 400-க்கு மேற்பட்ட குடியானவர்களுடன் ஐந்து வருஷ உடன்படிக்கை செய்துகொண்டது. விதை, சுண்ணாம்பு, உரம், வேலிச் சாமான்கள் ஸர்க்காருடையவை. வேலையில்லாத வாலிபர்களின் முகாம்களிலிருந்து ஆள் உதவியும் கிடைத்தது. குடியானவர் செய்ய வேண்டியது, சரிவுக்குக் குறுக்கே சம உயரக்கோட்டை ஒட்டி உழுது, மக்காச்சோளம் ஒரு பட்டை, குதிரை மசால் முதலிய தீவனம் ஒரு பட்டை என மாற்றி மாற்றிப் பயிரிடுவதும், செங்குத்தான பாகத்தைக் காட்டுக்கே விட்டுவிடுவதுமாம். தீவனப் பட்டை ஓடிவரும் நீரைத் தடுத்து, மண்ணை வடிகட்டிக் கொள்ளும். 1999-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, 1975 முதல் 1993 வரையில் அப்பள்ளத்தாக்கில் வருஷந்தோறும் தங்கிய வண்டல், 1930-களில் தங்கியதில் நூற்றுக்கு 6 பங்கு அளவேயாகும்.

1934-ம் வருஷம் மே மாதத்தில் மேற்குச் சமவெளிகளின் புழுதி காற்றிலேறி நியூயார்க், வாஷிங்டன் நகரங்களையும், அட்லாண்டிக் சமுத்திரத்திற் சென்ற கப்பல்களையும் எட்டிற்று. அதன்பின் 1935 ஏப்ரலில் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி, ஹ்யூ பென்னட் என்பவரின் தலைமையில் ஒரு தனி இலாகா ஏற்பட்டது. ஆனால் இலாகா உத்தியோகஸ்தர் எத்தனை பண்ணைகளில் நேரே நிற்க முடியும்? உடன்படிக்கைக் காலம் முடிந்து அவர் வேறிடம் போனபின் சால் பழையபடி மேலிருந்து கீழாகத் திரும்பாதென்பதற்கு யார் பொறுப்பு? ஆகவே 1937 பிப்ரவரியில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ராஜ்யங்களின் கவர்னர்களுக்கு ஒரு மாதிரிச் சட்டத்தை அனுப்பினார். அவ்வருஷம் ஆகஸ்டு 4-ந் தேதி, வட கரோலினா ராஜ்யத்தில், பென்னட் பிறந்த ஆன்ஸன் கவுண்டியில், பிரவுன் ஓடை ஜில்லா முதன்முதலாக அமைந்தது.

அது அமையும் முறையைக் கூட்டுறவுச் சங்கத்தினர் கவனிக்கத் தகும். மாதிரிச் சட்டப்படி, நிலத்தை அனுபவிப்போர் 25 பேர் கையொப்பமிட்டு மனுச் செய்தால் போதும். ராஜ்யக் கமிட்டி பகிரங்க விசாரணை நடத்தி எல்லையைக் குறிக்கும், பிறகு வோட்டெடுப்பு. வோட்டு நிலச் சொந்தக்காரருக்கு மாத்திரமன்று, குத்தகைக்காரருக்கும் உண்டென்று மாதிரிச் சட்டம் கூறிற்று. உழுகிறவன் சம்மதமின்றிச் சால் திரும்புமா? சில ராஜ்யங்கள் இதைச் சொந்தக்காரருக்கென்றே குறுக்கியது வருந்தத்தக்கது. நிர்வாகஸ்தர் ஐவர், மூவர் தேர்ந்தெடுக்கப்படுபவர், இருவர் நியமனம் பெறுபவர். நிபுணரை இலாகா அளிக்கும். எந்த நிலத்தில் என்ன வேலை முதலில் என்பதைச் சபை தீர்மானிக்கும். வரி போடும் அதிகாரம் அம்மாதிரிச் சட்டத்தில் இல்லை. வோட்டெடுப்பின்பேரில் நில உபயோகத்திற்கு விதிகள் செய்து அனைவரையும் கட்டுப்படுத்தும் அதிகாரம் இருந்தது. எனினும் அதைக் கையாண்டவை மிகச் சில ஜில்லாக்களே. அடுத்த வீட்டுக்காரர்மேல் விதியைப் பிரயோகிக்க எந்த ஊரிலும் துணிவு வருவதில்லை.

இக்குறையின் பலன் பிற்காலத்தில் தெரிந்தது. 1970-களில் தானிய விலை ஏறியபோது, பலர் காப்பு வேலைகளை அழித்துச் சரிவுகளையும் புல்தரைகளையும் உழுதனர். 1985-ம் வருஷத்துச் சட்டம், எளிதில் அரிக்கப்படும் நிலத்தைப் பாதுகாப்புத் திட்டமின்றிப் பயிரிடுவோர்க்கு ஸர்க்கார் உதவித்தொகை கிடையாதென்று விதித்தது. சம்மதம் மாத்திரம் போதாமல், பணத்தின் கட்டும் வேண்டியிருந்தது. ஆயினும் ஜில்லாக்கள் மறையவில்லை. இன்றும் சுமார் 3,000 உள்ளன. ஆதியில் ஓடையின் நீர்ப்பிடிப்பை ஒட்டி எல்லை வகுக்கப்பட்டவற்றுட் பலவும் பின்னர் கவுண்டி எல்லையையே கொண்டன. நிர்வாகத்துக்கு அது சௌகரியம்; நீருக்குச் சௌகரியமென்று சொல்லுவதற்கில்லை.

நம் நாட்டிற்கு இவ்வெண்ணம் புதிதன்று. உத்தரமேரூர்ச் சாஸனத்தில் (921) ஏரி வாரியத்துக்கு அறுவரைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கும் விதி காணப்படுகிறது. குடிமராமத்து என்னும் வழக்கத்தால் ஏரிக் கரையும் வரத்துக்காலும் காக்கப்பட்டன. அவ்வழக்கப்படி வேலை செய்யத் தவறியோரிடம் இரட்டிப்புத் தொகை வசூலிக்க 1858-ம் வருஷத்து 1-வது சட்டம் இடமளித்தது. அதனால் குடிமராமத்து தழைத்ததாகச் சொல்ல முடியாது. 2000-ம் வருஷத்தில் தமிழ்நாட்டில் பாசன நிர்வாகத்தில் விவசாயிகள் பங்குபெறச் சட்டம் பிறந்தது. அதன்படி நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் ஆயக்கட்டு நிலக்காரர் அங்கத்தினராவர். ஏரிக்குள் வண்டல் அனுப்பும் மேட்டுப் புன்செய்க்காரர், ஆயக்கட்டில் நிலமில்லாவிடில், அதற்கு வெளியே நிற்கிறார். தூர் வாரியவர் ஒரு சபையில். தூர் வந்த இடம் வேறொருவர் கையில். வாரிய வண்டல் சில மழைக்குள் திரும்பி வருவதில் வியப்பென்ன?

கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினர் ஜாபிதாவிலோ, மேட்டுப் புன்செய்க்காரர் பெயரும் ஏரிக்கீழ் நன்செய்க்காரர் பெயரும் அடுத்தடுத்து எழுதப்பட்டிருக்கின்றன. ஐப்பசி மழைக்கு முன் ஒரு நாள், இரு திறத்தாரும் மதகிலிருந்து புறப்பட்டு, வரத்துக்கால் வழியாக, மண் அரிக்கும் சரிவுவரையில் சேர்ந்து நடந்து பார்க்கலாம். எந்தப் புலத்தில் வாரி விழுந்திருக்கிறது, அங்கே வரப்பைக் குறுக்கே போடும் செலவில் கீழ்நிலத்தார் எவ்வளவு ஏற்பது என்பதை அவ்விடத்திலேயே பேசி, அடுத்த கூட்டத்தின் நடவடிக்கைப் புஸ்தகத்தில் பதிந்துகொள்ளலாம்.