சித்தாந்தமும் சோதனைத் தாளும்



யந்திரங்களின் சரித்திரத்தை ஆராயக் கூடியிருக்கும் இம்மாநாட்டின் தலைவன் என்ற முறையில், டீசல் யந்திரத்தின் வரலாற்றை நாம் எந்த ஏட்டிலிருந்து எழுதத் தொடங்குவது என்னும் ஒரே கேள்வியைத் தங்கள் முன் வைக்க விரும்புகிறேன். 1892-இல் ருடால்ப் டீசல் பேட்டண்டுக்கு விண்ணப்பித்ததையும், மறு ஆண்டு அவர் வெளியிட்ட சிறு நூலையும் முதலாகக் கொள்வதே வழக்கம். ஆயினும் அவ்விரண்டிலும் உள்ளது சித்தாந்தமேயன்றி, ஆக்ஸ்பர்க் நகரத்து யந்திரசாலையில் பின்னர் ஓடிய யந்திரம் அன்று என்பது என் அபிப்பிராயம்.

1893 ஆகஸ்டு 10-ஆம் நாள் பரீட்சிக்கப்பட்ட முதல் யந்திரத்தின் உருளை 150 மில்லிமீட்டர் விட்டமுடையது. அதைச் சுழற்றியதோ, தொழிற்சாலையின் சுழல்தண்டிலிருந்து வந்த பெல்ட். பெட்ரோலை உள்ளே செலுத்தியதும், தீப்பொறி எதுவும் இன்றி, அமுக்குண்ட காற்றின் உஷ்ணத்தாலேயே அது பற்றிக்கொள்ள, ஏறத்தாழ 80 வளிமண்டல அழுத்தம் எழுந்து, அதை அளக்கப் பொருத்தியிருந்த இண்டிகேட்டர் கருவி வெடித்துச் சிதறியது. அருகில் நின்றோர் உயிர் தப்பியது தெய்வாதீனம். இதைத் தோல்வி என்று எழுதிச் செல்வோர், கொள்கையின் உயிர்நிலை அன்றே ருசுவாகிவிட்டதைக் கவனிப்பதில்லை.

வெடித்த கதை எல்லோர்க்கும் தெரியும். எனக்குச் சுவையாகத் தோன்றுவது கசிவின் கதை. எரிபொருளை அடைத்துவிட்டு, பெல்ட்டால் மட்டும் சுழற்றி அழுத்தத்தை அளந்தால், யந்திரம் தானே ஓடாமைக்குக் குற்றம் காற்றின் அமுக்கத்திலா, எண்ணெய் தெளிக்கும் முறையிலா என்று பிரித்தறியலாம் அல்லவா? தொடக்கத்தில் 18 வளிமண்டலத்துக்கு மேல் ஏறாத அழுத்தம், பிஸ்டனையும் வால்வுகளையும் திருத்தித் திருத்திக் காற்று ஒழுகும் வழிகளை அடைத்த பிறகே 30-ஐத் தாண்டிற்று. எண்ணெய் நுண்திவலையாகச் சிதறாத குறைக்கு, அதிக அழுத்தமுள்ள காற்றைக் கொண்டே அதை ஊதிச் செலுத்தும் உபாயம் கண்டார்கள். அக்காற்றுக்கென ஒரு தனி அமுக்கி வேண்டியிருந்தமையால், யந்திரம் நெடுநாள் கனத்துக் கிடந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1894 பிப்ரவரி 17-ஆம் நாள், யந்திரம் நிமிஷத்துக்கு 88 சுற்று வீதம், சுமார் ஒரு நிமிஷ நேரம் தன் சக்தியாலேயே ஓடிற்று. அதை முதலில் கண்டவர் டீசல் அல்லர். லிண்டர் என்னும் தொழிலாளி. அதுகாறும் யந்திரத்தை இழுத்துக்கொண்டிருந்த பெல்ட் இப்பொழுது யந்திரத்தால் இழுபடுவதை அதன் துள்ளலிலிருந்து உணர்ந்து, அவர் வாய் பேசாமல் தொப்பியைக் கழற்றினாராம். பேட்டண்டு ஏடுகளில் இந்தக் கண்ணுக்கு இடமில்லை.

சரியாக மூன்றாண்டு கழித்து, அதே தேதியில், பேராசிரியர் ஷ்ரோட்டர் 250 மில்லிமீட்டர் உருளையுள்ள யந்திரத்தைப் பரீட்சித்து, எரிபொருளின் உஷ்ணத்தில் 26.2 விழுக்காடு வேலையாகிறது என்று கண்டார். சாதாரண நீராவி யந்திரங்கள் 10 விழுக்காட்டை எட்டுவதே அரிதாயிருந்த காலம் அது. உஷ்ணநிலை மாறாமல் எரிபொருளை எரிப்பதென்ற ஆதிச் சித்தாந்தம் அதற்குள் கைவிடப்பட்டிருந்தது. ஆதலால், ஓடுவது பேட்டண்டில் சொன்ன யந்திரமன்று என்று எதிரிகள் தொடுத்த வாதத்தில் பாதி நியாயம் உண்டென்றே கருதுகிறேன். மறுபாதிக்குரிய விடை சோதனைத் தாள்களில் இருக்கிறது.

ஆகவே, இங்கே கட்டுரை படிக்கவிருக்கும் அன்பர்கள், எந்த யந்திரத்தைப் பற்றிப் பேசினாலும், அதில் எது உடைந்தது, அதை யார் கண்டுபிடித்தார், எப்படிச் சரிசெய்தார் என்பதையும் தயைகூர்ந்து சொல்ல வேண்டுமென்று கேட்டுக்கொண்டு, முதற் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.