மாத்திரையும் சுருதியும்
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



பாடிப் பழகிய பலர் கூடியிருக்கும் மண்டபம் இது. ஆகவே காதைப் பற்றியே பேச நினைத்தோம்.

கார்பமசெபின் என்றொரு மாத்திரை. வலிப்புக்கும், முகத்தில் மின்சாரம் அடித்தாற்போல் வரும் நரம்பு வலிக்கும் வைத்தியர்களாகிய நாங்கள் நெடுங்காலமாகக் கொடுத்து வருவது, நல்ல மருந்து. அதை எடுக்கத் தொடங்கிய சிலருக்கு, கேட்கும் சுரமெல்லாம் ஏறக்குறைய அரைக்கட்டை இறங்கிவிடுகிறது. ஐந்து கட்டைச் சுருதி நாலரைக் கட்டையாகக் கேட்கும். இதை அதிகம் எழுதிவைத்தவர்கள் ஜப்பானிய வைத்தியர்கள். சிறுவயதிலேயே பியானோ பயின்று, ஒரு சுரத்தைத் தனியே கேட்டதும் பெயர் சொல்லக்கூடியவர்கள் அவர்களிடம் வந்து முறையிட்டார்கள். மற்றவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. எல்லாச் சுரமும் சேர்ந்தே இறங்குவதால் பாட்டுக் குலைவதில்லை.

ஆனால் வலிப்புக்கு இந்த மாத்திரையைத் தொடங்கிய ஒரு சங்கீத ரீச்சரை நினைத்துப் பாருங்கள். முப்பது வருடம் ஒரே கட்டையில் பாடியவர். சுருதிப்பெட்டி பழுதென்று திருத்தக் கொடுப்பார். பிறகு தன் காதிலே சந்தேகம், அதன்பின் தன் புத்தியிலே சந்தேகம். வீட்டில் சொன்னால் "வயசு போகுதெல்லே" என்பார்கள். கடைசியில் ஒருவருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்துவார். எங்களுக்குப் பயம் அங்கேதான். திடீரென நிறுத்தினால் வலிப்புத் திரும்பவும் வரலாம், சிலவேளை நிற்காமலும் வரலாம். அதில் உயிரே போகக்கூடும். வந்து சொல்லுங்கள். எங்களிற் பலருக்குச் சங்கீதம் தெரியாதுதான், பரவாயில்லை. "அரைக்கட்டை இறங்கிவிட்டது" என்று உங்கள் சொல்லிலேயே சொல்லுங்கள். மருந்தை மெல்ல மெல்ல மாற்றலாம். விட்டபின் சுருதி பழையபடி ஏறிவிடும்.

எல்லா மருந்தும் இப்படித் திருப்பித் தருவதில்லை. ஜென்டமைசின் ஊசி கடும் கிருமித்தொற்றில் உயிர் காப்பது. உட்செவியின் மயிர்க்கலங்களைக் கொல்லவும் கூடியது. ஒரு காதில் அவை ஏறத்தாழ 15,000. செத்தால் மனிதருக்கு மீள முளைப்பதில்லை. உச்ச ஒலிகள் முதலில் போவதால், பேச்சுக் கேட்கும்வரை ஒருவரும் கவனிப்பதில்லை. சில குடும்பங்களில் ஒரு சிறு மரபணு மாற்றத்தால் கொஞ்ச மருந்தே காதைப் பறித்துவிடும். அது தாய்வழியாக மட்டுமே வருவது. அம்மாவுக்கோ, அம்மம்மாவுக்கோ, மாமாவுக்கோ ஊசி போட்டபின் காது கேளாமற் போனதென்று வீட்டில் ஒரு கதை இருந்தால், ஊசிக்கு முன்னரே அதைச் சொல்லுங்கள். ஊசி தொடங்கியபின் காதில் இரைச்சலோ நடையில் தள்ளாட்டமோ வந்தால், அடுத்த ஊசிக்கு முன் தாதியிடம் சொல்லுங்கள். வைத்தியர் வரட்டும் என்று விடியும்வரை வைத்திருக்க வேண்டாம்.