முத்திரையும் எழுத்தும்

இராஜபாளையத்திலிருந்து வடக்கே செல்வோர்க்கு ஸ்ரீவில்லிபுத்தூரின் 11 நிலைக் கோபுரம் தொலைவிலேயே ஊரை அறிவிக்கும்; அதற்குப் படிப்பு வேண்டுவதில்லை. ஓவியர் ஆர். கிருஷ்ணராவ் வரைந்து, 1949-ல் ஏற்கப்பட்ட ராஜ்ய முத்திரையிலும் ஒரு கோபுரம் உண்டு. அதனை நம் கோபுரமென்பர் பலர். மதுரை மேலக்கோபுரமென்பாரும் உளர். அம்முத்திரையில் இன்றுள்ள ‘வாய்மையே வெல்லும்’ என்னும் எழுத்தைக் குறித்தோ வழக்கில்லை.

சித்திரம் எழுத்தறியாதவர்க்கும், ‘இது சர்க்கார்க் காகிதம்’ என்று நொடியில் உணர்த்தும். ஆயினும் தன் பெயரைத் தானே சொல்லாது. எழுத்தோ படிக்கத் தெரிந்தவரிடமே பேசும், ஐயமறப் பேசும்.

ஆதலின், கடன் பத்திரத்தில் சங்க முத்திரையைக் கண்ட மாத்திரத்தில் ரேகை வைத்துவிடாதீர்கள். தொகை, வட்டி, தவணை மூன்றையும் உரக்க வாசிக்கச் செய்து கேளுங்கள். காகிதம் யாருடையதென்று முத்திரை காட்டும். நாம் எவ்வளவுக்குக் கட்டுப்பட்டோமென்பதை எழுத்தே சொல்லும்.