வாசிப்பறைக்கு எந்த ஸ்டூல்?

(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். வாசிப்பறைக்கு எட்டு ஸ்டூல் வாங்கும் தீர்மானத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

வாட்ஸ்அப் குழுவில் படம் பார்த்திருப்பீர்கள். வளைந்த மர இருக்கை, கீழே ஒற்றைக் கம்பம், உயரத்தை ஏற்றி இறக்கலாம். பலரும் கேட்ட கேள்வி, "இவ்வளவு மெல்லிய மரம் தாங்குமா?"

தாங்கும். அது ஒரே பலகையைச் செதுக்கியது அல்ல. மெல்லிய மரத் தாள்களைப் பசை தடவி, இழைகள் ஒன்றுக்கொன்று குறுக்காக வரும்படி அடுக்கி, அச்சில் வைத்துச் சூட்டோடு அழுத்துகிறார்கள். பசை இறுகியதும் வளைவு அப்படியே நின்றுவிடும். இழை குறுக்காக ஓடுவதால் சுலபத்தில் பிளக்காது. ஓரங்களில் மட்டும் பாலிஷ் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நம் ஊர் மழைக்காலத்தில் ஈரம் ஏறி அடுக்குகள் பிரியும்.

மரத்தை இப்படி வளைப்பது புதிதும் அல்ல. ஃபின்லாந்துக் கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்ட்டோ 1933-லேயே, பிர்ச் கட்டையின் முனையைக் கீறி, கீறலுக்குள் மெல்லிய மரத் தாள்களைச் செருகி ஒட்டி வளைத்து, மூன்று கால் ஸ்டூல் செய்தார். அவர் கட்டிய வீபுரி நூலகத்திலும் அதைத்தான் போட்டார்கள். இன்றும் விற்பனையில் இருக்கிறது. அதற்கு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

என் கவலை மரத்துக்குக் கீழே இருப்பதில்தான். "உயரம் மாற்றலாம்" என்றால் எவ்வளவு தூரம் இறங்கும்? பார் கவுண்டருக்காகச் செய்த ஸ்டூல்கள் பல 60 செ.மீ.க்குக் கீழே இறங்காது. நம் மேஜை உயரம் 75 செ.மீ. அதற்கு இருக்கை 45 செ.மீ. இருந்தால்தான் தொடை இடிக்காது, பாதம் தரையில் படியும். பாதம் தரையில் படாமல், சுழலும் இருக்கையில் ஏறி உட்காரும் பெரியவரை நினைத்துப் பாருங்கள். முதுகுச் சாய்வும் இல்லை, பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் இல்லை.

ஏற்றும் முறையிலும் இரண்டு வகை. ஒன்றில் அழுத்தத்தில் அடைத்த நைட்ரஜன் சிலிண்டர் இருக்கும். நெம்புகோலை இழுத்தால் ஏறும், இறங்கும். குழந்தைகளுக்கு அது விளையாட்டுச் சாமான். வாயு கசிந்தால் இருக்கை தானாக இறங்கத் தொடங்கும். அப்போது சிலிண்டரையே மாற்ற வேண்டும், யாரும் பிரித்துப் பழுதுபார்க்கக் கூடாது. மற்றது திருகாணி வகை. சுற்றச் சுற்ற மெதுவாக ஏறும். பார்வைக்குப் பழைய பாணிதான், ஆனால் நமக்கு அதுவே போதும்.

ஆகவே ஜன்னலோர மேடைக்கு மட்டும் கனமான அடித்தட்டும் கால்வைக்கும் வளையமும் உள்ள உயர ஸ்டூல் இரண்டு வாங்கலாம். அந்த மேடை 105 செ.மீ.; இருக்கை 75 செ.மீ. வரை ஏற வேண்டும். மேஜைகளுக்கு 45 செ.மீ. வரை இறங்கும் திருகாணி ஸ்டூல் ஆறு போதும்.

தீர்மானத்தின் கடைசியில், பழைய கைப்பிடி நாற்காலிகளைக் கழித்துவிடலாம் என்று ஒரு வரி இருக்கிறது. அதை நான் எதிர்க்கிறேன். காலையில் பேப்பர் படிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தக் கைப்பிடியை ஊன்றித்தான் எழுந்திருக்கிறார்கள்.

மாதிரிக்கு இரண்டு வகையிலும் ஒவ்வொன்று ஞாயிற்றுக்கிழமை வரை வாசிப்பறையில் இருக்கும். வீட்டுப் பெரியவர்களை அழைத்து வந்து, உட்கார்ந்து எழச் சொல்லிப் பாருங்கள். அதன் பிறகு வாக்கெடுப்பு வைத்துக்கொள்ளலாம்.