நெஞ்சு படபடக்கும் நேரத்தில்

(ஆதரவாளர் கூடுகையில் எங்கள் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்தக் கூடுகையில் புதிதாக வந்த ஒரு கருவியைப் பற்றியோ, கட்டி முடித்த ஒரு வார்டைப் பற்றியோ உங்களுக்குச் சொல்லுவோம். இந்த முறை கண்ணுக்குத் தெரியாத ஒரு வியாதியைப் பற்றிப் பேச அனுமதி கேட்டோம். இது எக்ஸ்ரேயில் விழாது. ஸ்கேனிலும் விழாது. ஆனாலும் இதன் நிமித்தம் நடுராத்திரியில் எங்கள் அவசரப் பிரிவுக்கு ஓடி வருகிறவர்கள் அநேகர்.

ஒருவரைப் பற்றிச் சொல்லுகிறோம். அவருடைய சம்மதம் பெற்றிருக்கிறோம். ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் இருக்கிறோம். டவுன் பஸ் கண்டக்டர். 40 வயது. ஒரு நாள் இரவு 11 மணிக்கு ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். சட்டை முழுவதும் வியர்வை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "அடைக்குது, அடைக்குது, நான் போயிடுவேன்" என்கிறார். சிஸ்டர் உடனே ஈ.சி.ஜி. எடுத்தார். நன்றாக இருந்தது. அரைமணி நேரத்தில் மனிதர் தானாகவே எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார். டியூட்டி டாக்டர் இளைஞர், நல்ல பிள்ளை. "ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

இரண்டு மாதத்தில் அது நான்காவது தடவை. அவருடைய மனைவி ஒரு துணிப்பை நிறைய காகிதங்களோடு வராந்தாவில் நின்றார்கள். பெரிய ஊரில் எடுத்த எக்கோ, டிரெட்மில், ரத்தப் பரிசோதனை எல்லாம் அதற்குள் இருந்தன. வளையலை அடகு வைத்துத்தான் அவற்றை எடுத்தார்கள். அந்த அம்மா எங்களிடம் கேட்டார்கள்: "ஐயா, எல்லாரும் ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னே சொல்றாங்க. ஒண்ணுமில்லன்னா இவருக்கு ஏன் இப்படி வருது?"

அந்தக் கேள்விக்குத்தான் இன்று பதில் சொல்ல முயலுகிறோம்.

இருதயத்தில் ஒன்றுமில்லை என்பது உண்மை. மனிதருக்கு ஒன்றுமில்லை என்பது உண்மையல்ல. அவருக்கு வந்தது பேனிக் அட்டாக். பீதித் தாக்கு என்று தமிழில் எழுதுகிறார்கள். நம் ஜனங்கள் அதைப் "படபடப்பு" என்பார்கள், "மூச்சு முட்டுது" என்பார்கள், "உசுரு போற மாதிரி வருது" என்பார்கள். மூன்றும் சரியான வர்ணனைகளே.

இருட்டில் நாம் சைக்கிளில் போகிறோம், ஒரு நாய் துரத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் இருக்கிற சுரப்பிகள் அட்ரினலின் என்ற பொருளை ரத்தத்தில் கொட்டுகின்றன. இருதயம் வேகமாய் அடிக்கிறது. மூச்சு வாங்குகிறது. வேர்க்கிறது, வயிறு கலங்குகிறது. கால்கள் நம்மை அறியாமலே பெடலை மிதிக்கின்றன. வீட்டுக்கு வந்தபின் யாராவது டாக்டரிடம் போகிறோமா? இல்லை. நாய் துரத்தியது, அதனால் படபடத்தது என்று நமக்குத் தெரியும். பேனிக் அட்டாக்கிலும் சரீரம் செய்கிறது இதே வேலைதான். ஆனால் நாயைக் காணோம். சாப்பிடும்போதோ, பஸ்ஸில் நிற்கும்போதோ, தூக்கத்தின் நடுவிலோகூட வருகிறது. காரணம் தெரியாததால் மனிதர் நினைக்கிறார்: "இது ஹார்ட் அட்டாக்தான்." அந்த நினைவே இன்னொரு நாயாகித் துரத்துகிறது. இன்னும் அட்ரினலின், இன்னும் படபடப்பு, இன்னும் பயம். இந்தச் சுழற்சியை டேவிட் கிளார்க் என்ற ஆங்கிலேய உளவியல் அறிஞர் 1986இல் தெளிவாக விளக்கி எழுதினார்.

மூச்சு விஷயம் ஒன்று உண்டு. பயத்தில் வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் இருக்கவேண்டிய கரியமில வாயு குறைந்துபோகிறது. அதனால் உதடு விறுவிறுக்கும், விரல்கள் மரத்துப்போகும், சிலருக்குக் கை மடங்கி இழுத்துக்கொள்ளும், தலை சுற்றும். காற்று போதவில்லை என்று தோன்றும். உள்ளபடி மூச்சு அதிகமாகிவிட்டது. கை இழுத்துக்கொண்டதும் நம் ஊரில் வலிப்பு என்று எண்ணி, சாவிக்கொத்தைக் கொண்டுவந்து உள்ளங்கையில் திணிப்பார்கள். ஆராதனை நடுவில் இதை நாங்களே பார்த்திருக்கிறோம். வலிப்புக்கும் இரும்புச் சாவிக்கும் சம்பந்தமில்லை, இதற்கும் இல்லை.

பெரும்பாலும் பத்து நிமிடத்திற்குள் அது உச்சத்துக்கு வந்து, பிறகு இறங்கத் தொடங்கும். எவ்வளவு கொடூரமாக வந்தாலும் இறங்கும். ஆனால் அடுத்தது எப்போது வருமோ என்ற பயம் இறங்குவதில்லை. எங்கள் கண்டக்டருக்கு முதல் தடவை வந்தது, நெரிசலான பஸ்ஸில் படிக்கட்டு ஓரம் நின்று டிக்கெட் கிழிக்கும்போது. அதன்பின் கூட்டமான டிரிப்பைத் தவிர்த்தார். பிறகு லீவு போட்டார். பிறகு சலூன் நாற்காலியில் உட்காரப் பயந்தார். கழுத்தில் துணியைக் கட்டினால் எழுந்து ஓட முடியாதே! கடைசியில் மனைவி கடைக்குப் போனால் இவர் வீட்டுக்குள் தனியே இருக்கமாட்டார். பத்து நிமிட வியாதி ஒரு குடும்பத்தின் இருபத்துநான்கு மணி நேரத்தையும் எடுத்துக்கொண்டது.

இது இந்தக் காலத்து நாகரிக வியாதி என்று சிலர் சொல்லுவார்கள். அப்படியல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இருதயம் படபடத்து விழுந்த போர்ச்சேவகரைப் பற்றி டகோஸ்டா என்ற மருத்துவர் 1871இலேயே எழுதியிருக்கிறார். பேனிக் என்ற பெயரோடு தனி வியாதியாக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நூலில் அது இடம்பெற்றது 1980இல். ஆஸ்திரேலியாவில் கிளேர் வீக்ஸ் என்ற அம்மையார் இருந்தார்கள். இளம்வயதில் அவர்களுக்குக் காசநோய் என்று தவறாகச் சொல்லி ஆறு மாதம் ஒதுக்கி வைத்தார்கள். வெளியே வந்தபோது இருதயம் ஓயாமல் அடித்தது. முதலாம் உலகப்போரில் இருந்த ஒரு நண்பர், "போர்முனையில் எங்களுக்கும் பயத்தில் இப்படித்தான் அடிக்கும்" என்ற கருத்தில் ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தை அவர்களுக்கு வழி திறந்தது. பின்னாளில் மருத்துவராகி, 1962இல் இதைப் பற்றிப் புத்தகம் எழுதினார்கள். பயத்தோடு சண்டை போடாதே, அதை எதிர்கொள், இருக்கட்டும் என்று விடு, மிதந்து போ, காலம் செல்லட்டும் என்பது அவர்கள் போதித்த முறையின் சாரம்.

இப்போது எங்கள் குற்றத்தைச் சொல்லவேண்டும்.

30 வருஷத்துக்குமுன் வேறொரு ஊரில் சபைப் போதகராக இருந்தோம். எங்களுக்கு அப்போது 35 வயது. இறையியல் கல்லூரியில் படித்ததெல்லாம் தலையில் புதிதாக இருந்த காலம். சபையில் ஒரு பள்ளி ஆசிரியை. ஆராதனையில் வழக்கமாக முன்வரிசையில் அமருகிறவர்கள் கடைசி பெஞ்சுக்குப் போனார்கள். பிறகு கதவோரம். பிறகு வெளித் திண்ணை. நாங்கள் விசாரித்தபோது, "உள்ளே உட்கார்ந்தா மூச்சு முட்டுது ஐயா, பயமா இருக்கு" என்றார்கள். நாங்கள் சொன்ன பதில்: "விசுவாசமாயிருங்கள் அம்மா, இன்னும் ஊக்கமாக ஜெபியுங்கள்." தலையில் கைவைத்து ஜெபித்தோம். மூன்று நாள் உபவாச ஜெபத்துக்கும் ஏற்பாடு செய்தோம். அடுத்த மாதம் முதல் அவர்கள் கோவிலுக்கே வரவில்லை. திருவிருந்தும் எடுக்கவில்லை. நாங்கள் பின்வாங்கிப்போனார்கள் என்று எண்ணினோம். கமிட்டியில் அப்படியே பேசவும் செய்தோம்.

பல வருஷம் கழித்து இந்த மருத்துவமனைக்கு வந்தபின், அதே அம்மா சகோதரியின் பிரசவத்துக்குத் துணையாக வந்திருந்தார்கள். சிற்றாலயத்துக்கு வெளியே நின்று பேசினோம். "ஐயா, நீங்க ஜெபிச்சிட்டுப் போன அன்னைக்கு ராத்திரிதான் ரொம்ப மோசமா வந்துச்சு. ஜெபிச்சும் வருதேன்னா ஆண்டவர் என்னைக் கைவிட்டுட்டாருன்னு நினைச்சேன்" என்றார்கள். குற்றம்சாட்டிச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்கள். எங்களுக்கு அன்று பதில் பேச வாய் வரவில்லை.

எலியா தீர்க்கதரிசி பயந்து ஓடி, சூரைச்செடியின்கீழ் படுத்துச் சாவைக் கேட்ட இடத்தை எத்தனையோ தடவை பிரசங்கித்திருக்கிறோம். அங்கே தேவதூதன் முதலில் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. சாப்பிட அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் தூங்க விட்டான். இதைப் பிரசங்கித்த நாங்கள், கதவோரம் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு உபவாசத்தைக் கொடுத்தோம்.

ஜெபிக்கவேண்டாம் என்று சொல்லுகிறோம் என நினைத்துவிடாதிருங்கள். ஆனால் "இப்பொழுதே இதை எடுத்துப்போடும்" என்று நொடிக்கு நொடி ஜெபித்து, போய்விட்டதா, போய்விட்டதா என்று உள்ளே பார்த்துக்கொண்டேயிருந்தால், அது நாடியைப் பிடித்து எண்ணிக்கொண்டிருப்பதற்குச் சமம், பயம் வளரும். "இது இறங்கும்வரை கூட இரும்" என்று ஜெபிப்பதே இவர்களுக்குத் தாங்கக்கூடியதாக இருக்கிறது.

கண்டக்டருக்கு என்ன செய்தோம்? முதலில் தைராய்டு, ரத்தசோகை முதலானவற்றை டாக்டர் பார்த்து ஒதுக்கினார். அவையும் படபடப்பைத் தரும். பிறகு அரைமணி நேரம் உட்கார்ந்து, நாம் மேலே சொன்னதையெல்லாம் படம் வரைந்து விளக்கினார். அந்த அரைமணியே பாதி மருந்து. கவுன்சிலர் ஆலோசனை அறையில் அவரை மாடிப்படியில் இரண்டு தடவை வேகமாக ஏறி இறங்கச் சொன்னார். நெஞ்சு படபடவென்று அடித்தது. "இப்போ என்ன ஆச்சு?" "ஒண்ணும் ஆகல சார்." மனிதர் முதல் தடவையாகச் சிரித்தார். அடித்தாலும் நிற்காது என்று அவருடைய இருதயமே அவருக்குச் சாட்சி சொன்னது.

பிறகு படிப்படியாக. நிற்கிற பஸ்ஸில் ஐந்து நிமிடம். மறுவாரம் இரண்டு ஸ்டாப் தூரம், மனைவியோடு. பிறகு தனியாக. பயம் வந்தால் இறங்கி ஓடாமல், அது இறங்கும்வரை இருந்து பார்ப்பது. மூச்சை ஆழமாக இழுக்காமல், மெதுவாக, விடுகிற மூச்சு நீளமாக இருக்கும்படி விடுவது. காபியும் பீடியும் குறைந்தன. மனநல மருத்துவர் மாத்திரையும் கொடுத்தார். அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரத்தில் படபடப்பு சற்றுக் கூடவும் செய்யலாம். நடுவில் தாமாக நிறுத்தக்கூடாது. கடையில் தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிப்பு: அது பழக்கமாகி, விட முடியாமல் போகும். ஐந்து மாதத்தில் அவர் வேலைக்குப் போனார். இடையில் ஒரு தடவை ராத்திரி மறுபடியும் வந்தது. ஆட்டோ கூப்பிடவில்லை. மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுகிறோம். முதல் தடவையாக நெஞ்சுவலி வந்தால், "இது பயம்தான்" என்று வீட்டில் இருந்தபடி யாரும் தீர்மானிக்கக்கூடாது. விசேஷமாக சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் வயதானவர்களும் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். 108க்கு அழையுங்கள். இருதயத்தைப் பார்த்தபிறகே மற்ற பேச்சு.

நம் பெஞ்சில் பக்கத்தில் இருப்பவருக்கு இப்படி வந்தால், முதலில் கூட்டத்தை விலக்குங்கள். அவரை உட்கார வையுங்கள். தண்ணீரை வாயில் ஊற்றவேண்டாம். காகிதப் பையை மூக்கில் வைக்கும் பழைய வழக்கமும் வேண்டாம்; ஆஸ்துமாவோ இருதயக் கோளாறோ இருந்தால் அது ஆபத்து. தாழ்ந்த குரலில், "நான் இங்கதான் இருக்கேன், இது இறங்கிடும்" என்று சொல்லி, உங்கள் மூச்சை நீங்கள் மெதுவாக விடுங்கள். அவரும் கூட வருவார். வெளியூரில் இருப்பவர்கள் அரசாங்கத்தின் டெலி மானஸ் எண் 14416ஐ எந்த நேரமும் கட்டணமில்லாமல் அழைக்கலாம். 2022 முதல் அந்தச் சேவை நடக்கிறது, தமிழிலும் பேசலாம்.

உங்கள் காணிக்கையில் ஒரு பகுதி அந்த ஆலோசனை அறைக்குச் செல்லுகிறது. போய்ப் பார்த்தீர்களானால் இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு மின்விசிறி. பெயர்க்கல் பதிக்க அங்கே சுவர்கூடச் சரியாக இல்லை. கவுன்சிலரின் சம்பளம்தான் செலவு. புகைப்படம் அனுப்புங்கள் என்று நீங்கள் கேட்டால் எதை எடுத்து அனுப்புவது என்று எங்களுக்கே தெரியவில்லை.

ஆசிரியை அம்மா அன்று எங்கள் டாக்டரைப் பார்த்தார்கள். சிகிச்சைக்கு ஒரு வருஷத்துக்குமேல் வந்து போனார்கள். ஓய்வுபெற்று இப்போது இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். ஞாயிறு ஆராதனைக்கு வருகிறார்கள், திருவிருந்தும் எடுக்கிறார்கள். நான்காவது பெஞ்சில், நடைபாதை ஓரத்து இடம் அவர்களுடையது. யாராவது முந்தி வந்து அங்கே உட்கார்ந்திருந்தால், கோவில் ஊழியர் மெல்லப் போய் அவர்களைச் சற்று உள்ளே தள்ளி உட்காரச் சொல்லுவார். ஏன் என்று அவரும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை.