உரம் மாற்றிய புல்வெளி

லண்டனுக்கு வடக்கே, ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு புல்வெளி இருக்கிறது. 1856-ல் ஜான் பென்னட் லாஸ், ஜோசப் ஹென்றி கில்பர்ட் என்ற இருவர் அதைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒவ்வொரு வகை உரம். சிலவற்றுக்கு எதுவுமே இல்லை. எந்த உரத்துக்குத் தீவனப்புல் அதிகம் விளையும் என்று பார்ப்பதுதான் நோக்கம்.

விளைச்சல் கூடியது. ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே ஒரே வயல் பல வயல்களாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது!

உரமே காணாத துண்டுகளில் இன்றும் நாற்பது வகைச் செடிகள் வரை கூடி வாழ்கின்றன. அம்மோனியம் சல்பேட் அதிகம் போட்ட இடத்திலோ இரண்டு மூன்று புல்வகைதான் மிச்சம். அந்த உரத்திலுள்ள தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, குடித்து வேகமாக உயரும் புற்கள், குட்டையான பூச்செடிகளுக்கு வெயில் கிடைக்காமல் செய்துவிடுகின்றன. அந்த உரம் மண்ணையும் புளிக்கவைக்கிறது. அதைத் தாங்காத செடிகள் மறைந்துபோகின்றன. மணிச்சத்தும் சாம்பல்சத்தும் மட்டும் கொடுத்த துண்டுகளில் பயறு இனச் செடிகள் செழிக்கின்றன. காற்றிலிருக்கும் நைட்ரஜனைத் தாங்களே பிடித்துக்கொள்ளும் திறமை அவற்றுக்கு உண்டு.

நம்பிக்கை தரும் செய்தியும் இருக்கிறது. 1989-ல் சில துண்டுகளுக்குத் தழைச்சத்து உரத்தை நிறுத்தினார்கள். மண்ணின் புளிப்பு கடுமையாக இல்லாத இடங்களில், காணாமல்போன செடிவகைகள் பல மெல்ல மெல்லத் திரும்பி வந்திருக்கின்றன.